தூரதேசத்துப் பிள்ளைகளும் வீட்டுத் தோட்டமும்

 

தை பிறந்துவிட்டது. மழை ஓய்ந்து, மண்ணில் இன்னும் ஈரம் இருக்கிறது. கத்தரி வெயில் வர மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் உண்டு. உன்னதப்பாட்டு 2-ம் அதிகாரத்தில் மாரிகாலம் கடந்து பூமி துளிர்க்கிற பருவத்தைக் குறித்து வாசிக்கிறோமே, நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக்கு அந்தப் பருவம் இந்தத் தை, மாசி மாதங்கள்தான். இந்த நாட்களில் நாம் தியானிக்கும்படி எரேமியா 29-ம் அதிகாரம் 4 முதல் 14 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்வோம். வேதத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு இந்தச் செய்தியை வாசியுங்கள்.

வீடு சந்திப்புக்குப் போகும்போது ஒரு காரியத்தைக் கவனித்து வருகிறேன். பல வீடுகளில் சுவரில் ஒரு போட்டோ இருக்கிறது. மகன் துபாயில், மகள் கனடாவில், இன்னொரு மகன் மிலிட்டரியில். பெற்றோர் இரண்டு பேர் மட்டும் வீட்டில். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டு வீடியோ கால் வருமா என்று உட்கார்ந்திருப்பார்கள். மொட்டை மாடியில் பார்த்தால் இரண்டு உடைந்த நாற்காலி, காய்ந்துபோன துளசித் தொட்டி. "ஏம்மா, நல்ல வெயில் விழுகிற மாடி, நாலு செடி வைக்கக் கூடாதா?" என்று கேட்டால், "யாரு பாஸ்டர் சாப்பிடப் போறா? எங்க ரெண்டு பேருக்கு என்ன வேணும்? புள்ளைங்க வரட்டும், பார்த்துக்கலாம்" என்பார்கள்.

"புள்ளைங்க வரட்டும்." இந்த ஒரு வார்த்தையில் எத்தனை வீடுகள் நின்றுபோய்க் கிடக்கின்றன, தெரியுமா? வர்ணம் அடிப்பது நின்றுபோச்சு, சமையல் ஒரு வேளையாச்சு, ஜெபம்கூட 'லீவு கிடைக்கணும், விசா கிடைக்கணும்' என்ற ஒரே விண்ணப்பமாகச் சுருங்கிப்போச்சு. இப்படிப்பட்டவர்களுக்கு ஆண்டவர் என்ன சொல்லுகிறார்?

1. தோட்டம் போடச் சொன்ன கடிதம்

நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஜனங்களைச் சிறைபிடித்து பாபிலோனுக்குக் கொண்டுபோனான். கி.மு. 597-ல் ராஜாவும் பிரபுக்களும் தச்சரும் கொல்லரும் கொண்டுபோகப்பட்டார்கள். தாய் தகப்பன் இங்கே, பிள்ளை அங்கே. பாபிலோன் இருந்த இடம் இன்றைய ஈராக்கில், பாக்தாத்துக்குத் தெற்கே இருக்கிறது. எஸ்றா 7:9-ஐப் பாருங்கள். எஸ்றா முதலாம் மாதம் பாபிலோனை விட்டுப் புறப்பட்டு ஐந்தாம் மாதம் எருசலேம் வந்து சேர்ந்தான். நான்கு மாதப் பயணம்! இன்றைக்குச் சென்னையிலிருந்து துபாய்க்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆனாலும் காண்ட்ராக்ட் இரண்டு வருஷம், லீவு ஒரு மாதம் என்கிறபோது தூரம் தூரம்தானே?

அந்த ஜனங்கள் பாபிலோனின் ஆறுகளண்டையில் உட்கார்ந்து அழுதார்கள், கின்னரங்களை மாட்டிவைத்துவிட்டார்கள் என்று 137-ம் சங்கீதம் சொல்லுகிறது. அழுதுகொண்டிருந்த அவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா ஒரு கடிதம் அனுப்பினான். அதில் கர்த்தர் சொன்னது என்ன? வீடு கட்டச் சொன்னார். குடியிருக்கச் சொன்னார். தோட்டம் போட்டு, அதில் விளைந்ததைச் சாப்பிடச் சொன்னார். கல்யாணம் பண்ணிக் குறுகிப்போகாமல் பெருகச் சொன்னார் (எரேமியா 29:5, 6).

தேவ ஜனமே, இது எப்படிப்பட்ட ஆலோசனை பாருங்கள்! வீட்டுக்குப் போகணும் என்று துடிக்கிறவனிடம் மண்வெட்டியை எடு என்கிறார். செமாயா என்று ஒருவன் இந்தக் கடிதத்தைக் கேட்டு, 'இப்படித் தோட்டம் போடச் சொல்லுகிற எரேமியாவை ஏன் கண்டிக்காமல் இருக்கிறீர்கள்?' என்று எருசலேமுக்கே பதில் கடிதம் எழுதினான் (29:24-28). அவ்வளவு கோபம் வந்தது அவனுக்கு.

ஆனால் ஜனங்களில் பலர் கீழ்ப்படிந்தார்கள். ஈராக்கிலிருந்து கிடைத்த சுமார் 200 களிமண் பலகைகள் இதற்குச் சாட்சி. 'யூதா நகரம்' என்றே பெயர் பெற்ற ஓர் ஊரில் இந்தச் சிறையிருப்பின் ஜனங்களும் அவர்கள் சந்ததியும் நிலம் பயிரிட்டதும், வரி கட்டினதும், கடன் வாங்கினதும் அவைகளில் எழுதியிருக்கிறது. அவைகளில் பழமையானது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. அதாவது, சிறைபிடிக்கப்பட்டு 25 வருஷத்துக்குள் அவர்கள் அந்த மண்ணில் விதைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

2. இரண்டு வருஷமா? எழுபது வருஷமா?

அந்த நாட்களில் இன்னொரு தீர்க்கதரிசனமும் உலாவியது. கிபியோன் ஊரானாகிய அனனியா ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றான் (எரேமியா 28:3, 4). கேட்கிறதற்கு எவ்வளவு இனிமை! எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். ஜனங்கள் ஆமென் சொல்லியிருப்பார்கள். ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. அவ்வருஷமே ஏழாம் மாதத்தில் அனனியா மரித்துப்போனான் (28:17). கர்த்தர் சொன்ன கணக்கு எழுபது வருஷம் (29:10).

இரண்டு வருஷம் என்று நம்பினவன் தோட்டம் போடுவானா? பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். கனி கொடுக்கிற மரத்தை ஊன்றமாட்டான். மகளுக்கு வரன் பார்க்கமாட்டான். பொய்யான நம்பிக்கை ஒரு மனுஷனை இப்படித்தான் ஒன்றும் செய்யவிடாமல் கட்டிப்போட்டுவிடும்.

பிரியமானவர்களே, இதை அன்போடு எழுதுகிறேன். 'இந்த மாதம் முடியுறதுக்குள்ள உன் பிள்ளை வாசப்படியில் நிற்பான்' என்று யாராவது சொன்னவுடனே அதைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராய் ஓடாதீர்கள். தீர்க்கதரிசன வரத்தை நாம் விசுவாசிக்கிறோம். அதை அற்பமாய் எண்ணவேண்டாம், ஆனால் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றுதான் 1 தெசலோனிக்கேயர் 5:20, 21 கற்பிக்கிறது. சொல்லப்பட்ட நாள் வந்து, பிள்ளை வராமல்போனால், அந்தத் தாய் யார்மேல் சந்தேகப்படுவாள்? சொன்னவன்மேல் அல்ல, ஆண்டவர்மேல்! எத்தனையோ பேர் ஆராதனையை விட்டு ஒதுங்கினதற்கு இப்படிப்பட்ட ஏமாற்றம் காரணமாய் இருக்கிறது.

நானும் இங்கே ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். தோட்டம் போட்டால் பிள்ளை சீக்கிரம் வருவான் என்று நான் எழுதவில்லை. அப்படி வேதத்தில் இல்லை. வருகிற நாள் கர்த்தருடைய கையில் இருக்கிறது. இன்றைக்கு விதைக்கிற வேலையை அவர் நம் கையில் கொடுத்திருக்கிறார்.

3. ஏக்கம் பாவமா?

'அப்படியானால் பிள்ளையை நினைத்து அழக்கூடாதா பாஸ்டர்?' என்று கேட்பீர்கள். அழலாம். ஏக்கத்தில் இரண்டு விதம் உண்டு.

எண்ணாகமம் 11:5-ல் இஸ்ரவேலர் எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். காய்கறிக்காக ஏங்கின ஏக்கம்! அந்த ஏக்கம் வானத்திலிருந்து வந்த மன்னாவையே வெறுக்க வைத்தது. கையில் இருப்பதை அசட்டை பண்ணவைக்கிற ஏக்கம் ஆபத்தானது.

தானியேலைப் பாருங்கள். வாலிப வயதில் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவன். ராஜாவின் போஜனத்தை வேண்டாமென்று, அந்தத் தேசத்து மண்ணில் விளைந்த மரக்கறியைப் பத்து நாள் சாப்பிட்டு முகக்களையோடு நின்றான் (தானியேல் 1:12-15). ராஜாவின் வேலையை உண்மையாய்ச் செய்தான். அதே தானியேல் முதிர்வயதிலும், எருசலேமுக்கு நேராக ஜன்னலைத் திறந்துவைத்து, தினம் மூன்று வேளை முழங்கால்படியிட்டான் (6:10). எரேமியா எழுதின எழுபது வருஷக் கணக்கைப் புஸ்தகத்தில் வாசித்து அறிந்து உபவாசித்து ஜெபித்தவனும் அவன்தான் (9:2, 3). ஜன்னல் எருசலேமைப் பார்த்துத் திறந்திருந்தது, கை பாபிலோனில் வேலை செய்தது. ஜன்னலை மூடச் சொல்லி ஆண்டவர் ஒருபோதும் கேட்கவில்லை.

நம் காலத்திலிருந்தும் ஒரு காரியம் சொல்லுகிறேன். தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா 27 வருஷம் சிறையில் இருந்தார். 1968-ல் தாய் இறந்தார். 1969-ல் மூத்த மகன் விபத்தில் இறந்தான். இரண்டு அடக்கத்துக்கும் போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த ராபன் தீவுச் சிறையில் அவர் ஒரு சிறு தோட்டம் போட்டார். அதில் நன்றாய் வளர்ந்து காய்த்த ஒரு தக்காளிச் செடியைப் பற்றி மனைவிக்குக் கடிதம் எழுதினார். பிறகு அந்தச் செடி வாடிச் செத்தபோது, வேரைக் கழுவி மண்ணில் புதைத்ததையும் எழுதினார். தூரத்தில் இருக்கிற மனைவியோடுள்ள உறவு அப்படி வாடிவிடக்கூடாதே என்கிற பயம் அந்தக் கடிதத்தில் இருந்தது.

1982-ல் அவரை போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே கட்டடத்தின் மேல்தளத்தில் 16 எண்ணெய் டிரம்களைக் கேட்டு வாங்கி, பாதியாய் வெட்டி, 32 தொட்டிகளாக்கி, மண் நிரப்பினார். வெங்காயம், கத்தரி, முட்டைகோஸ், பீட்ரூட், கீரை, தக்காளி என்று ஒரு காலத்தில் ஏறக்குறைய 900 செடிகள் அங்கே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் மற்றக் கைதிகளின் சாப்பாட்டுக்குக் காய்கறி கொடுத்தார். காவலர்களும் பையோடு வந்து வாங்கிப்போனார்கள். விடுதலை 1990-ல் தான் வந்தது. விடுதலை ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருந்திருந்தால்? சிறையின் மொட்டை மாடியில் செய்ய முடிந்ததை, நம் சொந்த மொட்டை மாடியில் நாம் செய்ய முடியாதா?

4. இந்தத் தையில் என்ன செய்யலாம்?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆனால் காய்கறிக்குத் தைப்பட்டமும் உண்டு. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவரே சொன்னார் அல்லவா (லூக்கா 14:28)?

முதலில் கீரை. சிறுகீரையோ முளைக்கீரையோ தூவினால் மூன்றரை வாரத்தில் பறிக்கலாம். சோர்ந்துபோன மனதுக்கு முதல் மாதத்திலேயே ஒரு பலன் கண்ணில் பட்டால் நல்லது. அடுத்து வெண்டை. நேரடியாய் விதை ஊன்றினால் சுமார் 45 நாளில் முதல் காய். இப்போது ஊன்றினால் மார்ச் நடுவில் குழம்பில் இருக்கும். கத்தரிக்குப் பொறுமை வேண்டும். நாற்றுவிட்டு ஒரு மாதம், பிடுங்கி நட்டபின் இரண்டு மாதம். பாகல், புடலை கொடிகளுக்கு ஒரு சின்னப் பந்தல் போதும்.

மாடியில் வைக்கிறவர்கள் செம்மண், மக்கின தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சமமாய்க் கலந்து பைகளில் நிரப்புங்கள். பைகளைச் செங்கல்மேல் வையுங்கள், தளத்தில் தண்ணீர் தேங்காது. வேப்பம்புண்ணாக்கு கொஞ்சம் சேர்த்தால் பூச்சி குறையும். மே மாதம் 4-ம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே பச்சை நிழல்வலை கட்டிவிடுங்கள். வயதானவர்கள் வாளி தூக்கிப் படி ஏறவேண்டாம். மாடியில் ஒரு குழாய் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது கீழே வாசலிலேயே நாலு பை வையுங்கள். நாலு பை போதும்! ஏதேன் தோட்டத்தைக் கர்த்தர் நாட்டினார், நீங்கள் ஒரு கீரைப்பாத்தி போடுங்கள்.

தண்ணீர் ஊற்றும்போது ஜெபியுங்கள். பிள்ளை இருக்கிற ஊரின் பேரைச் சொல்லி, அவன் முதலாளியின் பேரைச் சொல்லி, கூடத் தங்கியிருக்கிறவர்களின் பேரைச் சொல்லி ஜெபியுங்கள்.

5. நாம் இருக்கிற பட்டணத்துக்காக

எரேமியாவின் கடிதத்தில் தோட்டத்துக்கு அடுத்தபடியாக வருகிற கட்டளை 7-ம் வசனத்தில் இருக்கிறது. இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபிக்க வேண்டும். அதன் சமாதானத்தில்தான் நம் சமாதானமும் இருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், நம்முடைய ஏரியா யாரால் உண்டானது? 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள்தான் நம்மில் பலருடைய தகப்பன்மார். அவர்களை வழியனுப்பிவிட்டு எத்தனை தாய்மார் கிராமத்துத் திண்ணையில் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்! ஆனாலும் இவர்கள் இங்கே வீடு கட்டினார்கள், கொல்லையில் முருங்கையும் வாழையும் வைத்தார்கள், சபை கட்டினார்கள். அவர்கள் இந்த மண்ணில் வேர் விட்டதால்தான் இன்றைக்கு நாம் இருக்கிறோம்.

இதில் பெற்றோருக்கு ஒரு கடினமான பாடம் உண்டு. எரேமியாவின் கடிதம் முதலாவது எழுதப்பட்டது தூரதேசத்தில் இருந்த பிள்ளைகளுக்குத்தான். அங்கே வீடு கட்டு, அங்கே தோட்டம் போடு, அந்த ஊருக்காக ஜெபி என்று கர்த்தர் உங்கள் பிள்ளைக்குச் சொல்லுகிறார். ஒவ்வொரு போனிலும் 'எப்போ வர்றே, எப்போ வர்றே, நாங்க செத்தப்புறமா?' என்று கேட்டு, அவன் அங்கே வேர் விடாதபடி பிடுங்கிக்கொண்டே இருக்காதீர்கள். அடிக்கடி பிடுங்கிப் பிடுங்கி நட்டால் நாற்று பிழைக்குமா? அவனும் உங்களை நினைத்து அழுதுவிட்டுத்தான் டியூட்டிக்குப் போகிறான். 'இன்னைக்கு வெண்டைக்காய் பறிச்சேன்டா, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கொடுத்தேன்' என்று சொல்லிப் பாருங்கள். அம்மா நல்லா இருக்காங்க என்று அவன் நிம்மதியாய்த் தூங்குவான்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள் என்பதை நான் சும்மா எழுதவில்லை. 2020 மார்ச் மாதத்தில் விமானங்கள் நின்றன. எத்தனையோ பிள்ளைகள் தாய் தகப்பனின் அடக்கத்துக்கு வரமுடியாமல் போனில் பார்த்து அழுதார்கள். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டும் மூடப்பட்டு, நம்ம பூந்தமல்லிக்கு அடுத்த திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். செப்டம்பர் மாதக் கடைசியில்தான் கோயம்பேடு திரும்பத் திறந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் வெள்ளம் வந்தது. அப்படிப்பட்ட வேளைகளில் கதவைத் தட்டினது யார்? கனடாவில் இருக்கிற மகளா? பக்கத்து வீட்டார்தானே! தூரத்திலிருக்கிற சகோதரனைவிடச் சமீபத்திலிருக்கிற அயலான் மேல் என்று ஞானி எழுதினதும் இதைத்தானே (நீதிமொழிகள் 27:10)? ஒரு பிடி கீரையை மதில்மேல் நீட்டுங்கள். பேசாமல் இருந்த வீட்டோடு பேச்சு ஆரம்பிக்கும். பிள்ளைகளைத் தூரத்தில் விட்டுவிட்டு அங்கேயும் ஒரு தாய் உட்கார்ந்திருக்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தொழிற்பேட்டையில் வேலை செய்கிற வாலிபர்கள் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஊரில் அம்மா உண்டு. உங்கள் தோட்டத்துக் காய் அவர்கள் தட்டிலும் விழட்டும்.

கடைசியாக ஒன்று. இயேசுவை அடக்கம்பண்ணின இடம் ஒரு தோட்டம் (யோவான் 19:41). அங்கே மரியாள் தன் ஆண்டவரைக் காணோமே என்று அழுதுகொண்டு நின்றாள். பின்னாலே நின்றவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள் (20:15). அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நீங்கள் மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைக்கிற வேளையிலும் அவர் உங்கள் பேரை அறிந்திருக்கிறார். அல்லேலூயா!

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, தூரதேசங்களில் இருக்கிற எங்கள் பிள்ளைகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவர்கள் இருக்கிற இடத்தில் அவர்களை வேரூன்றப்பண்ணும். காத்திருந்து களைத்துப்போன பெற்றோருக்குப் புதுப்பெலன் தாரும். ஓய்ந்துபோன கைகள் இந்தத் தையில் மறுபடியும் விதையை எடுக்கட்டும். எங்கள் தெருவையும் எங்கள் பட்டணத்தையும் சமாதானத்தால் ஆசீர்வதியும். நீர் குறித்த நாளில் எங்கள் பிள்ளைகளின் முகத்தைக் காணச் செய்யும். அதுவரைக்கும் உம்முடைய முகத்தைக் கண்டு திருப்தியாக எங்களுக்குக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே, ஆமென்.

உங்கள் ஜெபங்களை வாஞ்சிக்கும்,
கர்த்தருடைய பணியில் உங்கள் சகோதரன்